பழைய பிளாஸ்டிக் பாம்புக் கூண்டுகள்: சில வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருக்கும் பாம்புக் கூண்டுகளில் ஒன்றுகூடப் புதிதாக வாங்கியது இல்லை. எல்லாமே சிகாகோ சுற்றுவட்டாரத்தில் யாரோ வளர்த்து அலுத்துப்போய், அல்லது வீடு மாறும் அவசரத்தில், வந்த விலைக்குத் தள்ளிவிட்டவை. நான்கடிக் கூண்டு புதிதாக வேண்டுமென்றால் விலை ஒரு பக்கம், அதை அனுப்பும் சரக்குக் கூலி இன்னொரு பக்கம் என்று இரண்டுமாகச் சேர்ந்து வயிற்றைக் கலக்கும். ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். பழையது என்றால் காரை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கே தூக்கி வந்துவிடலாம்.

வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெரும்பாலோர் கூண்டில் எவ்வளவு அழுக்கு என்று பார்த்துத்தான் பேரம் பேசுகிறார்கள். நான் பார்ப்பது அது எந்த பிளாஸ்டிக் என்பதை. எப்படிக் கழுவுவது, உடைந்தால் ஒட்டுமா ஒட்டாதா, சூட்டைத் தாங்குமா, எல்லாம் அதைப் பொறுத்துத்தான். (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதற்கே அனுமதி இல்லை. நான் சொல்வது இங்கே சட்டப்படி வளர்க்கும் பால் பைத்தான், கார்ன் ஸ்னேக் மாதிரியான பாம்புகளின் கூண்டுகளைப் பற்றி.)

சந்தையில் சுற்றுவது பெரும்பாலும் மூன்று ரகம். ஒன்று, ஒரே வார்ப்பாக வரும் எச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். விஷன் கம்பெனிக் கூண்டுகள் இந்த ரகம்தான். தடவினால் பிளாஸ்டிக் குடத்தைத் தடவினாற்போல மெழுகு வழுக்கல் இருக்கும். நகத்தால் அழுத்திக் கீறினால் தடம் விழும். இரண்டாவது, பலகையாக வெட்டித் திருகாணி போட்டு இணைத்த ஃபோம் பிவிசி. ஊரில் இப்போது சமையலறை அலமாரிக்குப் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே சரக்கு. வெட்டிய விளிம்பில் நுண்ணிய துளைகள் தெரியும். மூன்றாவது ஏபிஎஸ், தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்துச் செய்வது. மெல்லியது, விறைப்பானது. சந்தேகம் வந்தால் கூண்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சால் துளி அசிட்டோன் தொட்டு வையுங்கள். ஏபிஎஸ் என்றால் பிசுபிசுவென்று இளகும். எச்டிபிஇ அசையவே அசையாது.

சரி, கழுவும் வேலைக்கு வருவோம். பாம்பின் எச்சத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி மாதிரித் தெரிவது யூரேட். யூரிக் அமிலமும் அதன் உப்புகளும்தான் அது. பச்சைத் தண்ணீரில் கரையவே கரையாது. காய்ந்து ஒட்டிய இடத்தில் கத்தியோடு மல்லுக்கட்டினால் பிளாஸ்டிக்கில் கோடு விழும். அடுத்த தடவை அந்தக் கோட்டுக்குள்ளேயே அழுக்கு ஏறும். சூடான தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய துண்டை நனைத்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். திரும்பி வரும்போது பட்டி பார்க்கும் பிளாஸ்டிக் தகடாலேயே வழித்துவிடலாம். தண்ணீர்க் கிண்ணம் இருந்த இடத்தில் வட்டமாகப் படிந்திருப்பது வேறு சமாசாரம். அது உப்புக்கறை, அதற்கு வினிகர். கொதிக்கிற தண்ணீரை மட்டும் பிவிசியில் ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டுக்கு முன்னாலேயே இளகத் தொடங்கிவிடும்.

சுவர்களைக் கழுவுவது பெரிய காரியமில்லை. கண்ணாடிக் கதவு ஓடும் பள்ளம்தான் கூண்டிலேயே அசிங்கமான இடம், அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நான் வாங்கிய நான்கடிக் கூண்டில் கீழ்ப் பள்ளம் முழுக்கத் தேங்காய் நார்த்தூள் இறுகி, கதவு பாதி தூரம்கூட நகரவில்லை. கண்ணாடி இரண்டையும் மேலே தூக்கிக் கழற்றி, மூங்கில் குச்சியின் முனையைச் சாய்வாகச் சீவிப் பள்ளத்தில் ஓட்டினேன். முதலில் வந்தது நார்த்தூள். அப்புறம் உரித்த சட்டையின் துணுக்குகள். அதற்கும் அடியில், மூலையில், மிளகுப் பொடி தூவினாற்போல ஒரு கருமை. வெள்ளைக் காகிதத்தில் தட்டிவிட்டு விரலால் நசுக்கிப் பார்த்தேன், செந்தடம் விழவில்லை. விழுந்திருந்தால் அது பாம்பு உண்ணி.

உண்ணி இருந்த கூண்டை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் மற்றக் கூண்டுகள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்ற இந்தப் பூச்சி திருகாணித் துளையிலும் இணைப்பு இடுக்கிலும் முட்டை வைக்கும். சோப்புத் தண்ணீர், சூடு, பிறகு பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து. மருந்து முழுக்கக் காய்ந்து ஆறின பிறகுதான் பாம்பை விட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் பக்கமே போகாதீர்கள், அதற்கு அது விஷம்.

கிருமிநாசினி விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு கட்சி உண்டு. நான் பிளீச் கட்சி. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிஷம், பிறகு மணம் போகும்வரை கழுவல். அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச் வேலை செய்யாது, ஆகவே முதலில் சுத்தம், அப்புறம்தான் கிருமிநாசினி. வினிகர் போட்ட இடத்தைக் கழுவாமல் பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்; கழிவில் அம்மோனியா இருந்தால் அதுவும் ஆபத்து. அன்றாடத் துடைப்புக்கு எஃப்10 என்ற கிருமிநாசினி, லிட்டருக்கு 4 மில்லி. பைன் எண்ணெய், ஃபீனால் கலந்த தரை கழுவும் திரவம் எதுவும் ஊர்வனவற்றுக்கு ஆகாது. மணமாக இருக்கிறதே என்று ஊற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கழுவுமிடம் சமையலறைத் தொட்டியாக இருக்கக் கூடாது, சால்மொனெல்லா கிருமி வீட்டுக்குள் வரும். நான் காசு போட்டுக் கார் கழுவும் இடத்துக்கே கூண்டைத் தூக்கிப் போய்விடுவேன். சோப்பை விட்டுவிட்டு வெறும் தண்ணீர்ப் பீச்சலைத் திருப்பினால் மூலைகளில் இருப்பதெல்லாம் வந்துவிடும். பக்கத்தில் கார் கழுவுகிறவர்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

இனிப் பழுது. எச்டிபிஇயில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. சூப்பர் குளூ, சிலிக்கான், எபாக்ஸி எல்லாம் காய்ந்ததும் ஏடு மாதிரி உரிந்து வரும். பழைய சொந்தக்காரர் மூலை விரிசலில் சிலிக்கானைக் கொட்டிவைத்திருந்தார். ஒரே இழுப்பில் முழுசாகக் கையோடு வந்தது. பாலிஎத்திலீனில் பிடிக்கும் பசை இல்லாமல் இல்லை, ஸ்காட்ச்-வெல்ட் டிபி8005 மாதிரி. விலை கேட்டால் கூண்டே தேவலாம் என்றிருக்கும். அதனால் உருக்கி ஒட்டுவதுதான் வழி. முதலில் விரிசலின் முனையில் மெல்லிய டிரில்லால் ஒரு ஓட்டை. இல்லாவிட்டால் விரிசல் அங்கிருந்து இன்னும் ஓடும். பிறகு விரிசல் நெடுகிலும் ஆங்கில வி வடிவில் பள்ளம் கீறிக்கொள்ள வேண்டும். ஒட்டுக் கம்பிக்குப் பால் வரும் கேலன் கேனை வெட்டி நறுக்கிய கீற்றுகள் போதும். கேனின் அடியில் 2 என்ற எண் இருக்கும், அதுவும் எச்டிபிஇதான். தட்டை முனை சால்டரிங் அயர்னால் பள்ளத்தின் இரு ஓரமும் கண்ணாடி போலப் பளபளக்கும்வரை சூடாக்கி, அந்த நொடியில் கீற்றை அழுத்திச் செலுத்த வேண்டும். கீற்று மட்டும் உருகி ஓரம் உருகாவிட்டால் அது ஒட்டு இல்லை, வெறும் பூச்சு. கருகினால் சூடு அதிகம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கறுப்புக் கூண்டில் வெள்ளைத் தழும்பாகத்தான் தெரியும். அழகாக இருக்காது, ஆனால் அந்த மூலை இன்றுவரை ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

ஏபிஎஸ் இதைவிட எளிது. பழைய ஏபிஎஸ் சீவல்களை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகும், அதையே விரிசலில் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுவிடலாம். ஓரிரு நாள் காற்றாட விட வேண்டும். பிவிசிப் பலகையின் இணைப்புகளுக்குப் பிவிசி பசையே போதும். உள்மூலை இடுக்குகளுக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான். ஆனால் பழைய சிலிக்கானைச் சுத்தமாகச் சுரண்டிய பிறகே, ஏனென்றால் பழையதன் மேல் புதியது பிடிக்காது. பிவிசியில் எனக்குச் சரிப்படாத விஷயம் கூரைதான். முன்னால் வைத்திருந்தவர் பீங்கான் ஹீட்டரைக் கூரைக்கு மிக நெருக்கமாகத் தொங்கவிட்டதில் நடுவில் வளைந்துவிட்டது. வெந்நீர், ஹீட் கன், மேலே செங்கல் என்று நிமிர்த்தினால் கொஞ்ச நாளில் மறுபடி தொங்குகிறது. கடைசியில் வெளிப்புறம் அலுமினியக் கோணச்சட்டம் வைத்து போல்ட் முடுக்கியதும் நின்றது. இப்போது தட்டையான சூட்டுப் பேனல், தெர்மோஸ்டாட் போட்டு. பால் பைத்தானுக்கு வெப்ப மூலை 31, 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும், கூரையைச் சுட வேண்டிய அவசியமே இல்லை.

இத்தனை நாள் புழக்கத்தில் எச்டிபிஇ கூண்டுதான் முன்னே நிற்கிறது. கனம், தூக்க இரண்டு பேர் வேண்டும், கீறலும் நிறைய. ஆனால் ஈரத்துக்கு அசையவில்லை. பிவிசி லேசு, சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கிறது, திருகாணிகளை மட்டும் அவ்வப்போது முடுக்க வேண்டியிருக்கிறது. ஏபிஎஸ் கதவுப் பக்கத்தில் மறுபடி மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. அந்த ரகம் இனி எனக்கு வேண்டாம்.

எந்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் இரண்டு கூண்டுகளைத் தொடவே மாட்டேன். ஒன்று, சிகரெட் வாடை ஏறியது. எதைப் போட்டுக் கழுவினாலும் போவதில்லை. இன்னொன்று, விற்பவரே "அந்தப் பாம்பு அடிக்கடி இரையைக் கக்கும், இளைத்துக்கொண்டே போனது" என்று சொல்லும் கூண்டு. கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதன் முட்டைகள் பிளீச்சுக்கும் குளோர்ஹெக்சிடினுக்கும் சாகாது. அதனால் பேரம் தொடங்கும் முன் முதல் கேள்வி, உள்ளே என்ன பாம்பு இருந்தது, இப்போது அது எங்கே என்பதுதான். பதில் இழுவையாக வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வண்டியில் ஏற்றுவதில்லை.