ஈக்கோவா, டிராவலரா? வண்டியிலேயே தங்கி ஊர் சுற்ற எது தோது

வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஐரோப்பிய வீடியோக்களைத்தான். அந்த வண்டிகள் இங்கே கிடைக்காது. தேடித் தேடிக் கடைசியில் பெரும்பாலோர் வந்து நிற்பது இரண்டு வேன்களின் முன்னால்: சின்னதான மாருதி ஈக்கோ, பெரியதான ஃபோர்ஸ் டிராவலர். ஈக்கோ ஐந்தாறு லட்சத்தில் புதிதாகவே வந்துவிடும். டிராவலருக்கு வண்டி விலையே ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு, உள்வேலைச் செலவு தனி.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் என்றால் ஈக்கோ. வயதான அம்மா அப்பாவோ சின்னக் குழந்தைகளோ கூட வருவார்கள் என்றால் டிராவலர். இரண்டையும் பிரிப்பது கழிப்பறைதான். கட்டில், சோபா, விளக்கு அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால் ஆர்.சி. புத்தகத்தைப் பேசியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். அதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரிந்தால், கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

டிராவலருக்கு இதில் ஒரு நேர்வழி இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்றே, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டிகளுக்கென்றே, ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை உண்டு. அதன்படி ஒப்புதல் வாங்கிய, வண்டிக்குக் கூடு கட்டித் தரும் பாடி பில்டரிடம் கொடுத்தால், ஆர்.சி.யிலேயே கேரவன் என்று பதிவாகி வரும். பணம் கொடுக்கும் முன் அந்த ஒப்புதல் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்” என்ற பதிலோடு பேச்சு முடிந்தால் வேறு ஆளைத் தேடுவது நல்லது.

ஈக்கோவில் இந்த இடம் கொஞ்சம் இடறும். மடக்குக் கட்டில், அடுப்புப் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றி இறக்கும் சாமான்களாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் ஐந்து சீட் வண்டியில் பின் சீட்டைக் கழற்றினால் அதுவும் ஒரு மாற்றம்தான். பலர் கழற்றிவிட்டுச் சாதாரணமாக ஓட்டுகிறார்கள், அது அவர்கள் துணிச்சல். நீங்கள் கழற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு ஈக்கோ வாங்கினால் சீட் தொல்லை இல்லை, ஆனால் அது சரக்கு வாகனமாகப் பதிவாகும். அதற்கான எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் கூடவே வரும்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. டிராவலர் அந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும்.

ஓட்டுவதில் ஈக்கோவுக்கு இணை இல்லை. நீளம் 3,675 மில்லிமீட்டர், ஒரு சின்ன காருக்கு உண்டான இடத்தில் நின்றுகொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வந்தாலும் ஒதுங்க இடம் கிடைக்கும். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், முழுச் சுமையோடு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகத்தான் செய்யும். ஆனால் ஏறிவிடும், எந்தச் சின்ன ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். குறை என்றால் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு நிறுத்தினால் அந்தச் சூடு இறங்க நேரமாகும், அதுவரை உள்ளே படுக்க முடியாது. இன்ஜினைப் பார்க்க வேண்டுமானால் சீட்டைத் தூக்கியாக வேண்டும். அதனால் முன்பக்கம் எதையும் நிரந்தரமாக அடைத்து வைக்காதீர்கள். வாங்கும் முன் ஷோரூமிலேயே பின்கதவைத் திறந்து, டேப் வைத்து, வீட்டில் உயரமானவர் நேராகப் படுக்க முடியுமா என்று அளந்துவிடுங்கள். இதில் கூச்சம் பார்க்கக் கூடாது.

டிராவலரில் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 3,050, 3,350, 4,020 மில்லிமீட்டர் எனப் பல வகைகளில் உண்டு. கேரவனுக்கு 3,350-ஐத்தான் நான் சொல்வேன். கட்டில், அடுப்பு மேடை, ஒரு குட்டிக் குளியலறை மூன்றும் அதில் அடங்கும், கொடைக்கானல் சாலையிலும் திருப்பிவிடலாம். பெரியது நின்ற இடத்தில் சொகுசு, ஆனால் கிராமத்துத் தெருவில் ஒரு வேப்பமரக் கிளை போதும், கூரையில் உள்ள சோலார் பேனலுக்கு ஆபத்து.

இப்போது கழிப்பறை. வெளிநாடுகளில் கேம்ப் தளத்துக்குத் தளம் கழிவுத்தொட்டியைக் காலி செய்ய இடம் இருக்கும். நம் நெடுஞ்சாலைகளில் அப்படி ஏற்பாடு கிடையாது. தொட்டியைக் கழற்றி எடுத்துக் காலி செய்யும் கேசட் டாய்லெட்டில் அந்தத் தொட்டி இருபது லிட்டர் அளவில்தான் இருக்கும். இரண்டு பேர் என்றால் இரண்டு மூன்று நாள், நாலு பேர் என்றால் மறுநாளே நிறையும். காலி செய்ய ஏதாவது ஒரு லாட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டிலோதான் போய் நிற்க வேண்டும். ஓடையிலோ வயலோரத்திலோ கொட்டுவது மன்னிக்க முடியாத காரியம். அப்படிச் செய்கிறவர்களால்தான் பல ஊர்களில் இந்த வண்டிகளைக் கண்டாலே விரட்டுகிறார்கள்.

இளவயது இரண்டு பேருக்கு இந்தத் தொட்டியே தேவையில்லை. பெட்ரோல் பங்க், கோயில் ஊர்களின் கட்டணக் கழிப்பறை, தங்கும் இடத்தின் வசதி என்று சமாளித்துவிடலாம். ஆனால் இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் எழுபது வயது அப்பாவை இருட்டில் செருப்பு தேட வைக்க முடியாது. அவருக்கு நாலு எட்டில் கதவு திறக்கும் கழிப்பறை வேண்டும், உள்ளே பிடிமானக் கம்பி வேண்டும், நிமிர்ந்து நிற்கக் கூரை உயரம் வேண்டும். டிராவலருக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் அத்தனையும் இதற்குத்தான், அது நியாயமான விலைதான்.

அடுத்தது இரவுப் புழுக்கம். இதில்தான் ஆசையும் கணக்கும் மோதிக்கொள்ளும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட் ஹவர், அதாவது ஒன்றேகால் யூனிட் மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓட நாலைந்து யூனிட் தேவை. ஆக, அப்படி நாலு பேட்டரியாவது வேண்டும். அதைத் தினமும் திரும்ப நிரப்ப, கூரையில் 400 வாட் பேனல் போட்டாலும் நல்ல வெயிலில் ஒன்றரை யூனிட்டைச் சுற்றித்தான் வரும். மீதிக்கு எங்காவது பிளக் பாயின்ட் தேடியாக வேண்டும். டிராவலரில் ஏற்கெனவே உள்ள ஏ.சி. இன்ஜின் ஓடினால்தான் ஓடும், அது தூங்குவதற்கு ஆகாது.

இங்கே சிலர் ஜெனரேட்டருக்குப் போகிறார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாரும் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை எந்த வண்டியானாலும் கட்டில் பக்கத்தில் மாட்டுங்கள், அதன் விலையைப் பார்க்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கிக் கட்டிலடியில் வைப்பதும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், ஆசிட் தளும்பும், ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். அதே வேலைக்கு லித்தியம் பன்னிரண்டு கிலோ.

ஈக்கோவுக்கு ஏ.சி. கனவே வேண்டாம். பக்கக் கதவுக்கும் பின்கதவுக்கும் காந்தம் வைத்துத் தைத்த கொசுவலை, ஒரு 12 வோல்ட் ஃபேன், கூரைக்கு உள்பக்கம் வெப்பத்தடை ஷீட், இவ்வளவு போதும். ஒரே பேட்டரியில் ஃபேனும் விளக்கும் இரண்டு இரவு ஓடும். சமவெளிக்கு மார்கழி, தை மாதங்கள். சித்திரையில் மலைக்குப் போய்விட வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். முதுமலை, திம்பம் பக்கம் இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு. காட்டுப் பகுதியில் வண்டியை ஓரங்கட்டித் தூங்கலாம் என்ற எண்ணமே கூடாது.

சமையலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுப்பை வெளியே வைத்துச் சமைப்பதுதான் நல்லது. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை ஏற்றாதீர்கள். ஐந்து கிலோ சிலிண்டரே போதும்.

மற்ற வண்டிகளையும் கேட்பார்கள். ஃபோர்ஸ் அர்பானியா உண்மையிலேயே நல்ல வண்டி, ஓட்டும் சுகம் டிராவலரைவிடப் பல படி மேல். ஆனால் 2022-இல் வந்தபோதே விலை முப்பது லட்சத்தை ஒட்டி இருந்தது, அதற்கு மேல் உள்வேலை. வருடத்தில் பாதியைச் சாலையில் கழிப்பவருக்கு மட்டும் அது கட்டும். இழுவை கேரவன் நம் மலைச்சாலைகளுக்கு ஒத்துவராது. கார் கூரைமேல் விரிக்கும் கூடாரம் இளைஞர்களுக்கு நல்லது, மழைக்காலத்தில் ஏணி வழுக்கும்.

டிராவலரைப் பழையதாக வாங்குகிறவர்கள் அதிகம், பள்ளிக்கோ கம்பெனிக்கோ ஓடிய வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். படிக்கட்டு ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், தரை ஷீட்டின் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள், கூரை ஜாயின்ட்டில் விரலை வைத்துத் தேயுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். துருவின் மேல் பிளைவுட் அடித்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் பார்க்க முடியாது. விற்கும் நாளையும் யோசியுங்கள்: ஈக்கோவில் சாமானை இறக்கிவிட்டால் அடுத்த வாரமே ஆள் வரும், கேரவனாகப் பதிவான டிராவலருக்கு அதே ஆசை உள்ள இன்னொரு குடும்பம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.