கோலோக் ஆற்று வரைபடம்: பெயர்களுக்காக வாங்கலாம், எல்லைக்கோட்டுக்காக வேண்டாம்

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துக்கும் தாய்லாந்தின் நராதிவாத் மாகாணத்துக்கும் நடுவே ஓடும் கோலோக் ஆற்றை மட்டும் தனியே காட்டும் மடிப்பு வரைபடம் ஒன்றைக் கோத்தா பாருவில் ஒரு புத்தகக் கடையில் 18 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவில், தென்மேற்கே ஜெலி மலைப்பகுதியில் தொடங்கி வடகிழக்கே தாய்லாந்து வளைகுடா வரையில், இரு நாடுகளுக்கும் எல்லையாக ஏறத்தாழ 95 கி.மீ. ஓடும் இந்த ஆறு ஒரே தாளில் அடங்கியிருக்கிறது. பெரிய நாட்டுப்படங்களில் மயிரிழைபோல் தெரியும் சிற்றாற்றுக்கு முழுத்தாள் ஒதுக்கியதே பாராட்டத்தக்கது.

வரைபடத்தின் உண்மையான மதிப்பு அதன் பெயர்களில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் அந்தந்தக் கரையில் எப்படி எழுதப்படுகிறதோ அப்படியே, மலாய்க்கு ரோமன் எழுத்திலும் அரபு வழிவந்த ஜாவி எழுத்திலும், தாய்லாந்து மொழிக்கு அதன் சொந்த எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது. கோலோக் என்பது மலாயில் வெட்டுக்கத்தியைக் குறிக்கும் சொல். ஆற்றுக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று படம் கதை கட்டவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. தாய்லாந்து மொழியில் 'க'வின் மெலிந்த ஒலி (g) இல்லாததால் அக்கரையில் அது வல்லொலியோடு (k) ஒலிக்கிறது. இரண்டையும் ஒரே ககரத்தால் எழுதிவிடும் நமக்கு இந்தச் சிக்கலே தெரிவதில்லை.

மலாயில் சுங்கை என்றாலே ஆறு என்பது சுங்கைப் பட்டாணியை அறிந்த மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. தாய்லாந்துக் கரையிலுள்ள சுங்கை கோலோக் நகரமோ அந்தச் சொல்லையும் சேர்த்துத் தன் பெயராக வைத்துக்கொண்டது. அதனால் ஆற்றைக் குறிக்க அவர்கள் தங்கள் மொழியின் 'மேநாம்' என்ற சொல்லை முன்னால் சேர்க்கும்போது அது 'ஆறு ஆறு கோலோக்' ஆகிவிடுகிறது. நம்மவர் 'நடுசென்டர்' என்பதைப் போலத்தான். தாய்லாந்து எழுத்தில் அந்நகரத்தின் பெயருக்குள் ஓர் இடைக்கோடு உண்டு. அது இல்லாவிட்டால் கடைசி இரண்டு அசைகளும் ஒட்டிக்கொண்டு வேறு விதமாக வாசிக்கப்பட இடமுண்டு. வரைபடக்காரர்கள் அந்தச் சிறுகோட்டையும் விடாமல் பதித்திருக்கிறார்கள்.

ஆற்றோடு கீழே இறங்கினால் மலாய்ச் சொற்கள் இரு கரையிலும் தொடர்ந்து வருகின்றன. கிளந்தான் பக்கத்தில் புக்கிட் பூங்கா, அதாவது பூமலை. எதிர்க்கரையில் அதே 'புக்கிட்' தேய்ந்து வழங்கும் புக்கெத்தா. அதற்குக் கீழே மீண்டும் கிளந்தான் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங், நீண்ட ஆற்றுநீட்சி. முகத்துவாரத்தருகே பெங்காலான் குபோர் என்றால் கல்லறைத்துறை. 'கபர்' என்ற சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் வழங்குவதால் அதன் பின்பாதி நம் காதுக்கும் அந்நியமாகாது.

எல்லைக்கோட்டுக்கு வரும்போதுதான் படம் சறுக்குகிறது. கிளந்தான், கெடா, திரெங்கானு, பெர்லிஸ் ஆகியவற்றை இன்றைய தாய்லாந்தான சயாமிடமிருந்து ஆங்கிலேயர் வசமாக்கிய 1909ஆம் ஆண்டு உடன்படிக்கை, கோலோக் ஆற்றின் மிக ஆழமான நீரோட்டக் கால்வாயையே எல்லை என்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்தை அது கோலா தாபார் என்று பெயரிட்டுச் சுட்டுகிறது. மூலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர் என்ற அளவில் முகத்துவாரத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கும் வரைபடமோ, இரு கரைகளுக்கும் சரிநடுவே சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டது. ஆழக்கால்வாய் எப்போதும் நடுவில் ஓடுவதில்லை. வளைவுகளில் அது வெளிக்கரையை ஒட்டிச் செல்லும், மணல் படிந்தால் இடமும் மாறும். முழுத்தாளின் அளவில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பது சரிதான், ஆனால் பெரிதாக்கிய கட்டத்திலும் கோட்டைத் தவறாக இடுவதென்றால் அந்தக் கட்டம் எதற்கு?

அதே கட்டத்தில் தாய்லாந்துக் கரையிலுள்ள தாக் பாய் மாவட்டத்தின் படகுத்துறையான தாபாவைக் குறித்துவிட்டு, உடன்படிக்கையின் 'தாபார்' அங்கேதான் இன்றும் உயிரோடிருக்கிறது என்ற ஒரு வரிக்குறிப்பைச் சேர்க்காமல் விட்டதும் பெருங்குறை. பழைய ஆவணத்தையும் இன்றைய துறையையும் இணைக்கும் பெயர் அது. 1873இல் எழுப்பப்பட்ட சொந்தாரா சிங்ஹே பௌத்தக் கோயிலுக்கு மட்டும் ஒரு சின்னம் போட்டிருக்கிறார்கள். எல்லைப் பேச்சின்போது தாக் பாய் தமக்கே உரியது என்பதற்குச் சயாம் தரப்பு அக்கோயிலைச் சான்றாகக் காட்டியதாகச் சொல்லப்படுவதால், சின்னத்தோடு நிறுத்தியது போதாது.

1973இல் திறந்த ரந்தாவ் பாஞ்சாங் பாலமும், 2007இல் திறந்த புக்கிட் பூங்கா பாலமும் சரியான இடத்தில் உள்ளன. பாங்காக்கிலிருந்து வரும் ரயில்கள் சுங்கை கோலோக்கோடு நின்றுவிடுவதும் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. தோ டேங் கரிச்சதுப்புக் காட்டை வயலுக்குரிய அதே பச்சையில் நிரப்பியதை மன்னிக்க முடியவில்லை. தாய்லாந்தில் எஞ்சியுள்ள அவ்வகைக் காடுகளில் மிகப் பெரியது அதுதான்.

தாள் பளபளப்பானது, ஆனால் மடிப்புத் தாங்காது. நடுமடிப்பு ரந்தாவ் பாஞ்சாங்கின் மேலேயே விழுவதால், நான்காவது முறை விரித்தபோது பாலம் இரண்டாகக் கிழிந்து ஆளுக்கொரு நாட்டில் தங்கிவிட்டது. வாங்குபவர்கள் முதல் நாளே பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்வது நல்லது.