பழைய மிலிட்டரி வண்டியை பாதில பிரிச்சுப் போட்டு வச்சிருக்கவங்க கவனத்துக்கு

மொதல்ல வண்டி என்னன்னு சொல்லிடறேன், அப்பதான் ரெடி பண்ணித் தர்றேன்னு வாங்குன பட்டறைக்காரங்க எங்க கை வச்சாங்கன்னு புரியும். செவர்லே சி15ஏ. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கனடாவுல லட்சக்கணக்குல செஞ்சு தள்ளுன சி.எம்.பி (கனடியன் மிலிட்டரி பேட்டர்ன்) வகை லாரி, 15 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமாரா முக்கால் டன் சுமை ஏத்தறது, ஃபோர் வீல் டிரைவ். இந்தியாவுக்கும் நிறைய வந்துச்சு, சண்டை முடிஞ்சதும் மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்துல போயி எஸ்டேட்லயும் மர டிப்போலயும் உழைச்சே தேஞ்சுச்சு. எங்கப்பா வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்ல இருந்து வாங்கினாரு, பாதி பிரிச்சதுக்கப்புறம் அவருக்கு உடம்பு முடியாம போயி வண்டி அப்படியே ஷெட்லயே பல வருஷம் கெடந்துச்சு. மறுபடி எடுத்து முடிச்சிரலாம்னு கோயமுத்தூர்ல "விண்டேஜ் ஸ்பெஷலிஸ்ட்"னு போர்டு போட்ட ஒரு பட்டறையில விட்டோம். பேரு இங்க போடல, கேஸ் நடக்குது.

இந்த மாதிரி ஆளுங்களுக்கு பாதில நின்ன வண்டின்னா அல்வா. எந்த பார்ட்டு இருந்துச்சு எது இல்லன்னு ஓனருக்கே சரியா தெரியாதுங்கற தைரியம். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், "சார் நீங்க கொண்டு வரும்போதே அது இல்லீங்களே".

இன்ஜின் கதைக்கு வர்றேன். இதுல இருக்கறது 216 க்யூபிக் இன்ச், ஆறு சிலிண்டர், 85 குதிரை. இப்ப இருக்கற இன்ஜின் மாதிரி ராடு (பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோட சேக்கறது) பேரிங்கை கடையில வாங்கி மாட்டற சமாச்சாரம் இல்ல, ராடுலயே வொயிட் மெட்டல்ங்கற மெத்தான உலோகத்தை உருக்கி ஊத்தி கிராங்க் சைஸுக்கு போர் பண்ணணும், ராடுக்கும் அதோட அடி மூடிக்கும் (கேப்) நடுவுல ஷிம்முங்கற மெல்லிசு தகடு வச்சு டைட் பாக்கணும். ராடுக்கு ஆயிலும் பிரஷர்ல போகாது, இன்ஜின் அடியில இருக்கற ஆயில் சம்ப்புக்குள்ள தொட்டி மாதிரி இருக்கும், ராடு அடியில இருக்கற சின்ன கரண்டி அதுல இருந்து அள்ளிக்கும், வேகம் ஏறுனா நாசில்ல இருந்து அந்த கரண்டி மேல பீச்சும். அந்த நாசில் குறி தப்புனா ராடு காஞ்சு போகும்.

ஆறு ராடுக்கும் புது மெட்டல் ஊத்தியாச்சுன்னு சொல்லி பெரிய தொகை வாங்கிட்டாங்க. ஸ்டார்ட் பண்ணி காட்டும்போது நல்லாத்தான் ஓடுச்சு, கெட்டியான ஆயிலை ஊத்தி பத்து நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டா எந்த இன்ஜினும் நல்லாத்தான் ஓடும். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சூடேறுனதும் டக் டக்னு தட்ட ஆரம்பிச்சுது. போன் பண்ணா, "ஆயில் பிரஷர் 15 பவுண்டுதான் காட்டுது, பம்ப் போச்சு சார், மாத்தணும், இன்னொரு முப்பதாயிரம் ஆகும்"னான். யோவ், அந்த இன்ஜினுக்கு பிரஷரே அவ்வளவுதான்யா, மீட்டர்லயே 30 வரைக்கும்தான் போட்டிருக்கும்.

பொள்ளாச்சில ஒரு பெரியவர், அந்தக் காலத்து செவர்லே லாரியெல்லாம் பாத்தவரு, வந்து சம்ப்பை இறக்குனாரு. ரெண்டே ராடுலதான் புது மெட்டல். மீதி நாலும் பழசு, ஷிம்மை எல்லாம் உருவிட்டு கேப்பை அரத்தால ராவி இறுக்கி வச்சிருக்கான். ராவுன கேப்பை மறுபடி நேராக்கி வட்டம் எடுக்கறதே தனி வேலை. நாசில் ரெண்டு வேற வளைஞ்சு எங்கயோ பாத்துட்டு இருந்துச்சு. "தம்பி, இது தெரியாம செஞ்ச வேலை இல்ல, எங்க மிச்சம் பிடிக்கலாம்னு தெரிஞ்சு செஞ்ச வேலை"ன்னாரு.

டேஷ்ல இருந்த டேட்டா பிளேட்டும் (வண்டி விவரமும் நம்பரும் பொறிச்ச தகடு) காணோம். நம்ம பட்டறை அண்ணாத்த வழக்கமான பதிலைச் சொன்னாரு, ஆனா அப்பா பிரிக்கறப்ப எடுத்த போட்டோவுல பிளேட் பளிச்னு இருக்கு, அதைக் காட்டுனதும் "பசங்க எங்கயாவது வச்சிருப்பாங்க"ன்னு பேச்சு மாறுச்சு. எஸ்டிமேட்ல "வளைந்த கண்ணாடி ஃபிரேம் நிமிர்த்த"ன்னு ஒரு வரி வேற. அந்த கேபினுக்கு கண்ணாடி மேல வெளிய தள்ளி, கீழ உள்ள போயிதான் இருக்கும், வெயில் பட்டு மின்னுனா மேல பறக்கற ப்ளேனுக்கு தெரிஞ்சிரும்னு 1942 வாக்குல அப்படி மாத்துனது. நல்லவேளை அதுல கை வைக்க விடல.

அடுத்து ஆர்.சி. "விண்டேஜ் ரூல்ல பழைய வண்டிக்குன்னு குடுக்கற விஏ நம்பர் வாங்கித் தர்றேன், கவர்மெண்ட் ஃபீஸ் இருபதாயிரம்"னு தனியா வாங்கினான். ஃபீஸ் தொகை உண்மைதான், 2021ல வந்த ரூல் அது, 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு, 10 வருஷம் செல்லும். ஆனா அது டூ வீலருக்கும் கார் ஜீப் மாதிரி ஆள் ஏத்தற எம்1 வகைக்கும் மட்டும்தான், சரக்கு வண்டி அதுல வரவே வராது. ஜீப், ஜோங்கா மாதிரி பழைய மிலிட்டரி வண்டி வச்சிருக்கவங்களும் பாத்துக்கங்க, சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருந்தா அந்த ரூல் பொருந்தாது, டீசல் இன்ஜின் போட்டுக்கலாம்னு ஆசை காட்டறவன் இதைச் சொல்ல மாட்டான்.

ஒண்ணு மட்டும் பணத்தைவிட பெருசு. இந்த வண்டி வீல் ரெண்டு பாதியா போல்ட் போட்டு சேத்தது. டயர்ல காத்தை முழுசா இறக்காம ரெண்டு பாதியையும் சேக்கற அந்த வட்டத்து நட்டுல ஸ்பேனர் போட்டா வீல் பிரிஞ்சு பறந்து ஆள் காலி. அந்த இடத்துல இவனுங்க ஏதோ சாதா போல்ட்டை மாட்டி மேல பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. வேற எந்த பட்டறையில விட்டிருந்தாலும் வண்டியைத் திரும்ப வாங்குனதும் மொதல்ல அதைப் பாருங்க. மெட்டல் ஊத்துன ராடை இன்ஜின்ல ஏத்தறதுக்கு முன்னாடி நேர்ல போயி பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.

பில்லுனு குடுத்ததெல்லாம் துண்டுச் சீட்டுதான், ஆனா வாட்ஸ்அப் மெசேஜும் ஜிபே ஹிஸ்டரியும் இருந்துச்சு. அதை வச்சு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கோம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, பிரச்சனை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல. எதிர்த்தரப்பு இன்னும் பதில் தாக்கல் பண்ணல. வண்டி இப்ப பொள்ளாச்சில இருக்கு, பெரியவர் கேப்பை சரி பண்ணி ஆறு ராடுக்கும் மறுபடி மெட்டல் ஊத்தறாரு. உக்கடம், புதுப்பேட்டை காயலான் கடைப் பக்கம் போறவங்க செவர்லே மிலிட்டரி டேட்டா பிளேட் எதையாவது பாத்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எங்க பிளேட்டோட நம்பர் எங்கிட்ட இருக்கு, ஒத்துப் பாத்துக்கறேன்.