கேரண்டா, ஜான்சனா? ஒரே களத்தில் நின்ற இரு ரைபிள்கள்

1940-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் அமெரிக்க மரைன் படை கலிபோர்னியாவின் சான் டியேகோவில் நான்கு ரைபிள்களை அடுத்தடுத்து வைத்துச் சோதித்தது. ஒன்று, பழைய ஸ்பிரிங்ஃபீல்டு 1903. ஒவ்வொரு தோட்டாவுக்கும், குழலின் பின்முனையை அடைக்கும் உலோகத் தண்டான போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். நம் ஊர்க் காவலர்களின் தோளில் நெடுங்காலம் தொங்கிய .303 ரைபிளின் இனம். மற்ற மூன்றும் அரைத் தானியங்கிகள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். அந்த மூன்றில் வின்செஸ்டர் நிறுவனத்தின் மாதிரி இன்னும் முதிராத நிலையில் வந்தது, சீக்கிரமே பின்தங்கியது. உண்மையான போட்டி எம்1 கேரண்டுக்கும் ஜான்சனுக்கும்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்பும் வசதியில் ஜான்சன் தெளிவாக மேல். ஆனால் ஒரு காலாட்படை வீரன் கையில் கொடுத்தனுப்ப வேண்டிய துப்பாக்கி கேரண்ட்தான். மரைன் படை எடுத்த முடிவும் அதுவே, அது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன்.

இருவரின் பின்னணியும் ஒப்பிடத் தக்கது. ஜான் கேரண்ட் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். தன் காப்புரிமைகளை அரசுக்கே எழுதிக் கொடுத்தார். ஐம்பது லட்சத்துக்கும் மேல் உருவான அந்த ரைபிளுக்காக அவருக்கு உரிமத்தொகை என்று எதுவும் வரவில்லை. மெல்வின் ஜான்சன் பாஸ்டன் நகர வழக்கறிஞர், மரைன் ரிசர்வ் படையின் அதிகாரி. தன் சொந்த முயற்சியில் ரைபிளை வடிவமைத்து, அதற்காக வாதாடவும் செய்தார்.

கேரண்ட் அதற்கு முன்பே ஒரு கடுமையான போட்டியைக் கடந்து வந்தது. ஜான் பெடர்சன் வடிவமைத்த .276 அங்குல ரைபிளுக்குத் தோட்டாக்களின் மேல் மெழுகு பூச வேண்டியிருந்தது. ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்ஆர்தர் 1932-இல் பழைய .30 அளவையே தொடர வேண்டும் என்று முடிவு செய்தபோது பெடர்சனின் கதை முடிந்தது. கேரண்டிடம் .30 அளவிலும் ஒரு வடிவம் தயாராக இருந்தது. 1936 ஜனவரியில் ராணுவம் அதை எம்1 என்ற பெயரில் ஏற்றது.

கேரண்டும் ஜான்சனும் .30-06 என்ற ஒரே .30 அங்குலத் தோட்டாவைச் சுடுகின்றன. இரண்டின் எடையும் ஏறத்தாழ 4.3 கிலோ. ஆகவே இந்த ஒப்பீட்டில் தோட்டாவின் பலத்தைப் பற்றிய பேச்சே தேவையில்லை. வேறுபாடு முழுவதும் உள்ளே இயங்கும் விதத்தில்தான்.

முதலில் தோட்டா நிரப்புவது. கேரண்டுக்கு எட்டுத் தோட்டாக்களை ஓர் எஃகுக் கிளிப் இறுகப் பிடித்திருக்கும். மேலிருந்து அந்தக் கிளிப்பையே துப்பாக்கிக்குள் அழுத்த வேண்டும். அடியில் சென்று பற்றியதும் போல்ட் விடுபட்டுப் பாய்ந்து மூடும். கட்டைவிரலை உடனே எடுக்காதவன் கதி என்ன என்பதை ‘எம்1 கட்டைவிரல்’ என்று படையினர் வைத்த பெயரே சொல்லும். பழகிய கை, உள்ளங்கையின் ஓரத்தால் போல்ட்டின் கைப்பிடியைத் தடுத்துப் பிடித்துக்கொண்டே விரலால் அழுத்தும். பழகிவிட்டால் எட்டுத் தோட்டாக்கள் ஒரே அழுத்தில் உள்ளே போய்விடும். அந்த வேகம் அருமையானது. எட்டாவது குண்டு பாய்ந்ததும் வெற்றுக் கிளிப் ‘கணீர்’ என்று தெறித்து வெளியே விழும். அந்த ஓசை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். நாலாபுறமும் துப்பாக்கிகள் வெடிக்கும் களத்தில் பல கெஜம் தள்ளியிருக்கும் ஒருவன் இந்தச் சிறு ஓசையைப் பிரித்துக் கேட்டு எழுந்து ஓடி வருவான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேரண்டின் உண்மையான குறை வேறு. மூன்று குண்டுகள் சுட்டபின் ஓய்வு கிடைக்கிறது, ஐந்து மிச்சம் இருக்கிறது. காலியான மூன்று இடத்தை நிரப்புவது பெரும் சிரமம். மிச்சத்தைச் சுட்டுத் தீர்க்க வேண்டும், அல்லது பாதிக் கிளிப்பை வெளியே எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும்.

ஜான்சன் இந்த இடத்தில் அழகாகச் சிந்தித்தார். அவருடைய ரைபிளின் வயிற்றில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் சுழல் மேகசின், அதாவது தோட்டாக்கூடு, இருக்கிறது. வலப்பக்கத் திறப்பு வழியே, போல்ட் மூடியிருக்கும்போதே, ஒவ்வொன்றாகவோ ஐந்தைந்தாகவோ தோட்டாவைத் தள்ளலாம். அறையில் ஒரு தோட்டா தயாராக இருக்கும்போதே மிச்சத்தை நிரப்பிக்கொள்ளலாம். ஐந்து தோட்டா தாங்கும் கிளிப்பும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு உரியதுதான். படையிடம் ஏற்கனவே மலைபோல் குவிந்திருந்தது. இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. மேகசின்களில் முதலில் கெடுவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மெல்லிய உதடுகள். ஜான்சன் அந்த உதடுகளைத் துப்பாக்கியின் கெட்டியான உடலிலேயே கடைந்துவிட்டார். மேகசினின் தகடு அடிபட்டாலும் தோட்டா சரியான கோணத்தில் அறைக்குப் போகும்.

தோட்டா நிரப்புவதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் ஜான்சனுக்கே மாலை. ஆனால் குழலுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது.

கேரண்ட் குழலின் முனைப்பக்கம் வெடிவாயுவில் சிறு பங்கை எடுத்துக்கொண்டு ஒரு நீண்ட தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தண்டு போல்ட்டைத் திருப்பித் திறக்கிறது. குழல் அசைவதில்லை. ஜான்சனில் குழலே உதைப்பின் வேகத்தில் சிறிது பின்னுக்கு நகர்ந்து போல்ட்டைத் திறக்க உதவுகிறது. இதனால் தோளில் விழும் உதை சற்று மென்மையாக இருக்கும். குழலைக் கருவி எதுவும் இன்றிக் கழற்றவும் முடியும். பாராசூட்டில் குதிப்பவனுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு முறையும் நகர்ந்து திரும்பும் குழல் அதே இடத்தில் வந்து அமர வேண்டும். அதில் ஏற்படும் சிறு மாறுதலால் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறின. அந்தக் குறை கடைசிவரை முழுதாகத் தீரவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பயனெட். 1940-இல் எந்தக் காலாட்படையும் துப்பாக்கிமுனைக் கத்தி இல்லாத ரைபிளை ஏற்காது. நகரும் குழலின் முனையில் கத்தியைப் பூட்டினால் அதன் எடை குழலின் ஓட்டத்தையே குலைக்கிறது, துப்பாக்கி அடைத்துக்கொள்கிறது. இதற்காக ஜான்சன் கத்திக்குப் பதில் மெல்லிய ஊசி போன்ற ஒன்றைக் கொடுத்தார். குத்தும்போது அதன் தாக்கமும் நகரும் பாகங்களின் மேலேயே விழுகிறது. களத்தில் பிரித்துத் துடைக்கும்போது தொலைந்துபோகக்கூடிய சிறு பாகங்களும் ஜான்சனில் அதிகம். கேரண்டோ விசைக்காப்பை இழுத்துத் திறந்தால் மூன்று பெரும் துண்டுகளாகக் கையில் வந்துவிடும். இருட்டில், சேற்றில், நடுங்கும் விரல்களோடு செய்ய வேண்டிய வேலை இது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கேரண்டிலும் பழுது இருந்தது, அதை மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் வாயுவைக் குழல் முனையில் ஒரு மூடிக்குள் பிடித்தார்கள். அது சரிப்படாமல் குழலிலேயே துளையிடும் முறைக்கு மாறினார்கள். ஏழாவது குண்டில் துப்பாக்கி அடைத்துக்கொள்கிறது என்ற புகார் கிளம்பியது. உலோகத்தைக் கடையும்போது உள்ளே தோட்டாவை வழிநடத்தும் சிறு விளிம்பு ஒன்று வெட்டுப்பட்டிருந்ததே காரணம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். தொடர்மழையில் எண்ணெய் கரைந்துபோய்ப் போல்ட் இறுகிக்கொள்ளும் குறைக்குத் தனி மசகு தேட வேண்டியிருந்தது. ஆனால் இவையெல்லாம் அடிப்படை வடிவத்தை மாற்றாமல் தீர்க்கக்கூடிய பழுதுகள். ஜான்சனின் பயனெட் சிக்கல் அப்படியல்ல. நகரும் குழல் இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

சான் டியேகோவில் மரைன்கள் செய்ததை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான். உலர்ந்த மேசையில் ரைபிளைச் சாய்த்து வைத்துக் குறிப்பலகையில் துளை எண்ணுவதோடு அவர்கள் நிற்கவில்லை. புழுதி, சேறு, மழை, கடல் அலை என்று துப்பாக்கிகளை இழுத்துச் சென்றார்கள். உப்பு நீரும் மணலும் புகுந்தபோது அரைத் தானியங்கிகள் தடுமாறின; கையால் இழுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு நம்பகத்தில் முதலிடம் பிடித்தது. அடுத்தது கேரண்ட், மூன்றாவது ஜான்சன், கடைசியில் வின்செஸ்டர். ஆனாலும் ஒரு நிமிடத்தில் குறிபார்த்துச் சுடும் எண்ணிக்கையில் ஸ்பிரிங்ஃபீல்டு கேரண்டை எட்டவே முடியாது. மரைன் படை 1941-இல் கேரண்டை ஏற்றது.

ஏற்ற ரைபிள் எல்லார் கைக்கும் வந்து சேர நாளாயிற்று. 1942-இல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் மரைன்கள் இன்னும் ஸ்பிரிங்ஃபீல்டோடுதான் போரிட்டார்கள். அக்டோபரில் வந்திறங்கிய ராணுவத்தின் 164-ஆவது காலாட்படைப் பிரிவு கேரண்டுகளைச் சுமந்து வந்தது.

ஜான்சன் ரைபிளைத் தங்கள் கிழக்கிந்தியத் தீவுகளுக்காக (இன்றைய இந்தோனேசியா) டச்சுக்காரர்கள் வாங்கினார்கள். 1942 மார்ச்சில் அந்தத் தீவுகள் ஜப்பானிடம் விழுந்தன. எஞ்சிய துப்பாக்கிகளில் ஒரு பங்கு மரைன் பாராசூட் வீரர்களிடம் சேர்ந்தது. கழற்றக்கூடிய குழலை அவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். போருக்குப் பின் மெல்வின் ஜான்சன் ஆர்மலைட் என்ற துப்பாக்கி நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். அங்கே யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-10 ரைபிளின் உள்ளே பார்த்தால், முகப்பைச் சுற்றிப் பல பற்களோடு திரும்பிப் பூட்டும் அந்த போல்ட் ஜான்சனுடையதன் வழிவந்தது.