கையடக்க சோலார் பெட்டி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்கு 18,500 ரூபாய் போய்விட்டது

வெயிலில் சார்ஜ் ஏற்றி ஃபேன், லைட் போடலாம் என்று நான் வாங்கிய சோலார் பெட்டியை இன்று மதியம் மோட்டார் வைண்டிங் கடையில் கழற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. 18,500 ரூபாய். மாதாமாதம் சீட்டுக் கட்டி எடுத்த பணம். அடுத்து யாரும் அதை விற்ற ஆளிடம் ஏமாறக் கூடாது என்றுதான் இந்தப் பதிவு. வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் வெள்ளகோவில் பக்கம். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கொஞ்சம் ஆடுகள், நாலு மாடு. ஆட்டுப்பட்டி வீட்டை விட்டுத் தள்ளி ஒரு வெள்வேல மரத்தடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுகின்றன. அதனால் அப்பா ராத்திரியானால் பட்டியிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார். அங்கே கரண்ட் கிடையாது. கிணற்று மோட்டாருக்கு வருகிற இலவச மின்சாரத்தில் ஒரு பல்பை இழுத்துவிடலாமே என்று பலர் சொன்னார்கள். அது விவசாயத்துக்குக் கொடுத்தது, வேறு எதற்கும் தொடக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நிற்பார்.

எனக்கும் ஆசை இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது மஞ்சப்பையைக் கையில் எடுத்தவள், இன்றுவரை கீழே வைக்கவில்லை. கறிக்கடைக்குத் தூக்குப்போசி கொண்டுபோவேன். காய்கறித் தோலெல்லாம் எருக்குழிக்கு. இதெல்லாம் பெரிய காரியமில்லை, ஆனால் ஒவ்வொன்றாகச் செய்யும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். அடுத்தது சோலார் என்று முடிவு செய்திருந்தேன். கூரையில் போடும் சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, ஆனால் அது ஈபி இணைப்பு உள்ள வீட்டுக்கு. பட்டிக்கு வேண்டியது தூக்கிக்கொண்டு போய் வைக்கிற மாதிரி ஒன்று.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் மாவட்டத்தில் ஒரு வேளாண் கண்காட்சி. அங்கே சோலார் சாமான் விற்கும் ஒரு ஸ்டால். பெயரைப் போடவில்லை, புகார் நடக்கிறது.

அந்த ஆள் எப்படிப் பேசினார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பணம் கைமாறியது அந்தப் பேச்சில்தான். "வாங்கக்கா, எந்த ஊருங்க?" என்றார். ஊரைச் சொன்னதும், "அட, எங்க பெரியம்மாவைக் கட்டிக்குடுத்தது அங்கதானுங்க" என்றார். அப்பாவுக்கு நாற்காலி போட்டு, மோர் வாங்கி வந்து கொடுத்தார். நாங்கள் ஒன்றும் கேட்கும் முன்பே, "பட்டிக்குத்தானுங்களே? நாய்த் தொந்தரவுதானுங்களே?" என்றார். அப்புறம் பெருமாநல்லூர்ப் பேச்சை எடுத்தார். 1970-ல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் அங்கே துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்களே, அதை. "கரண்டுக்காக உசுரக் குடுத்த சனமுங்க நாம. இந்தப் பெட்டி இருந்தா இனி யாருகிட்டயும் நிக்க வேண்டாமுங்கய்யா" என்றார். எங்கள் அப்பாரு (தாத்தா) 1972-ல் விவசாயிகள் நடத்திய மாட்டுவண்டிப் போராட்டத்தில் வண்டி கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனவர். அப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இறந்துபோனவர்களைச் சொல்லி 18,500 ரூபாய்க்கு ஒரு போலிப் பெட்டியை விற்க ஒரு மனிதனுக்கு எப்படி மனசு வரும்? எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை.

பெட்டியில் ஒரு மேசை மின்விசிறியைப் போட்டுக் காட்டினார், பல்பு போட்டார், இரண்டு நிமிடம் மிக்ஸிகூட ஓட்டினார். மேலே பெரிய எழுத்தில் 500 வாட் என்று ஸ்டிக்கர். உள்ளே லித்தியம் பேட்டரி, கூடவே 100 வாட் சோலார் பலகை, ஃபேனும் லைட்டும் ராத்திரி முழுக்க ஓடும், இரண்டு வருட வாரண்டி என்றெல்லாம் சொன்னார். அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, டிராக்டர் பேட்டரி அந்தக் கனம் கனக்குது, இது ஆட்டுக்குட்டியாட்டம் இருக்குதே" என்றார். "லித்தியமுங்கய்யா, கனமே இருக்காதுங்க" என்று சிரித்தார் அவர். நானும் அப்பாவிடம், "இப்பல்லாம் அப்படித்தாங்கப்பா" என்றேன். சொல்லிவிட்டு அவர் நீட்டிய கியூஆர் அட்டையில் 18,500 ரூபாயை அனுப்பினேன். திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, ஏதோ ஒரு ஆளின் பெயர். அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் பின் நம்பரைப் போட்டேன்.

இரண்டு நாள் நல்ல வெயிலில் சார்ஜ் ஏற்றி, மூன்றாம் நாள் பட்டிக்குக் கொண்டுபோனோம். எட்டு மணிக்கு 50 வாட் ஃபேன், 9 வாட் பல்பு, இவ்வளவுதான் போட்டது. எட்டு ஐம்பதுக்கு இரண்டும் அணைந்துவிட்டன. அன்று ராத்திரி முழுக்க அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே போன் போட்டேன். "புது பேட்டரிங்கக்கா, மூணு தடவை ஏறி எறங்கட்டுங்க." சரி என்று அதையும் செய்தேன். அதே ஐம்பது நிமிடம். அடுத்த போனில், "மேகமா இருந்திருக்குமுங்க, வெயில் பத்தியிருக்காதுங்க." பங்குனி மாதம், வெள்ளகோவிலில், மேகம்! அதற்கடுத்து, "நீங்க மிக்ஸி போட்டிருப்பீங்க." பட்டியில் எதற்கு மிக்ஸி? அப்புறம் சர்வீஸ் ஆள் கோயம்புத்தூரில் இருந்து வியாழக்கிழமை வருவார் என்றார். அன்று அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தேன், யாரும் வரவில்லை. பிறகு, பார்சலில் அனுப்புங்கள், செலவு உங்களுடையது என்றார். கடைசியாகச் சொன்னதுதான் உச்சம்: "வாரண்டி கார்டுல டீலர் சீல் இல்லீங்களேக்கா, கம்பெனி ஒத்துக்காதுங்க." சீல் வைக்க வேண்டியவரே அவர்தானே! அதைக் கேட்டதும் "அக்கா" போய்விட்டது. "இஷ்டப்பட்டா கேஸ் போட்டுக்கங்க" என்று வைத்துவிட்டார். அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டார். ரசீதில் இருந்த முகவரிக்குப் போனால் அது ஒரு விதைக்கடை, அப்படி ஒருவரை அவர்களுக்குத் தெரியாது. ரசீதும் ரசீது இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு.

இன்று எங்கள் ஊர் வைண்டிங் கடை அண்ணன் நாலு திருகாணியைக் கழற்றினார். உள்ளே லித்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் போடுகிற ஈய பேட்டரி ஒன்று, 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர். "12-ஐ ஏழால பெருக்கும்மா" என்றார். 84 வாட்-ஹவர். ஸ்டிக்கரில் இருக்கும் 500 என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்கிற வாட் கணக்கு, அதுவும் உண்மையாக இருந்தால். உள்ளே எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பது வாட்-ஹவர் கணக்கு. "மோட்டார் எத்தனை எச்பின்னு பெருசா எழுதிட்டு, கெணத்துல தண்ணி எவ்வளவுன்னு சொல்லாம விட்டுட்டான்" என்றார் அண்ணன். 500 வாட்-ஹவர் என்றால் ஈபி கணக்கில் அரை யூனிட். எனக்குக் கிடைத்தது அதில் ஆறில் ஒரு பங்கு. ஈய பேட்டரியை அடிவரை உறிஞ்சவும் முடியாது, அதனால்தான் அந்த ஐம்பது நிமிடம்.

பலகையை உச்சி வெயிலில் வைத்து மீட்டரில் பார்த்தார். 18 வாட்டைத் தாண்டவில்லை. நிஜமான 100 வாட் பலகை ஏறக்குறைய மூன்றடிக்கு இரண்டடி இருக்குமாம். என்னுடையது ஒரு பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. பெட்டியைத் தராசில் வைத்தால் மூன்றரைக் கிலோ. உண்மையான அரை யூனிட் லித்தியம் பெட்டி ஐந்தாறு கிலோவுக்குக் குறையாது என்கிறார். அப்பா கையில் தூக்கிப் பார்த்தே சொன்னார்!

வாங்கப் போகிறவர்களுக்கு, அவசரத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன். வாட்-ஹவர் எவ்வளவு என்று கேளுங்கள், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எம்ஏஹெச் (மில்லிஆம்பியர்-ஹவர்) என்று லட்சக்கணக்கில் எண் போட்டிருந்தால் அதை வைத்து மயங்க வேண்டாம், எத்தனை வோல்ட்டில் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பலகையை அளந்து பாருங்கள், பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஜிஎஸ்டி ரசீது இல்லாமலும் தனி ஆள் கணக்குக்கும் பணம் அனுப்பாதீர்கள். வாரண்டி அட்டையில் அங்கேயே சீல் வாங்குங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது ஓடவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கொடுக்கப் போகிறேன், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அந்தக் கண்காட்சியில் மோர் கொடுத்து, பெருமாநல்லூர்க் கதை சொல்லி விற்ற ஆளிடம் வேறு யாராவது வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த எஸ்டிமேட் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குச் செய்தி அனுப்புங்கள். என் 18,500 ரூபாய் மட்டும்தான் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. சேர்ந்தே கொடுப்போம்.