ஹட்டன் குளிரும் ரெஜிஸ்ட்ரி மாற்றங்களும்: ஒரு கிராபிக்ஸ் கார்டோடு 14 மாதம்

கல்யாண வீடியோ, தேர்த் திருவிழா வீடியோ எடிட் செய்வதுதான் எனக்குத் தொழில். இலங்கை மலையகத்து ஹட்டனில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கார்ட் ஜிடிஎக்ஸ் 1650. 2019இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். புதுக் கார்டுக்குக் கையில் காசு இல்லை. இருக்கிறதிலேயே இன்னும் கொஞ்சம் வேகம் வராதா என்ற ஆசையில்தான், விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி பக்கம் போனேன்.

அப்போது வாட்ஸ்அப்பில், ரெஜிஸ்ட்ரியை மாற்றும் ஒரு ரெஜ் ஃபைல் சுற்றிக்கொண்டிருந்தது. டபுள் கிளிக் செய்தால் எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, 25 சதவீதம் கூடுமாம். நோட்பேடில் திறந்து பார்த்தேன். நாற்பது வரிக்கு மேல் இருந்தது, பாதி எதற்கென்றே புரியவில்லை. புரியாததை, கார்டை இயக்கும் டிரைவருக்குள் போட எனக்கு மனசு வரவில்லை. என்னவென்று தெரிந்த நான்கை மட்டும் எடுத்து, ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் மாதிரி இருக்கும் கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு அளந்தேன்.

முதலில் போட்டது ஹார்ட்வேர் ஷெட்யூலிங். வேலைகளை வரிசைப்படுத்துவதைக் கார்டிடமே விடும் இந்த வசதி விண்டோஸ் 10இல் 2020 மே மாதம் வந்தது. கிராபிக்ஸ் டிரைவர்ஸ் கீயில் மதிப்பு 2 என்றால் ஆன், 1 என்றால் ஆஃப். மாற்றியபின் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மாற்றுவதற்கு முன், சித்திரையில் ஒரு மத்தியானம், கார்டின் வேகத்தை அளக்கும் யூனிஜின் ஹெவன் என்ற பெஞ்ச்மார்க்கை ஓட்டி 52.3 எஃப்பிஎஸ் என்று குறித்துவைத்தேன். அப்புறம் வைகாசி முழுக்கக் கல்யாண வேலை, கம்ப்யூட்டரைச் சும்மா விட நேரமே இல்லை. ஆடி பிறந்து கல்யாணங்கள் நின்ற பிறகுதான் மதிப்பை 2 ஆக்கி மறுபடி ஓட்டினேன். 53.6. இரண்டரை சதவீத ஏற்றம்! நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சந்தேகத்துக்காக, அதை ஆஃப் செய்து ஓட்டினேன். 53.5 வந்தது. அப்படியானால் கூடிய வேகம் ரெஜிஸ்ட்ரியால் வந்ததில்லை. மழையால் வந்தது.

இந்தக் கார்ட் சூடாக ஆக, ஏறக்குறைய 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை மத்தியானத்தில் தகரத்துக்குக் கீழே என் அறை 27 டிகிரி. ஆடி மாத மழையில் அதே அறை 17. கார்டின் சூடு 72இலிருந்து 62க்கு இறங்கியது, கடிகார வேகம் மூன்று படி ஏறியது. ஹட்டன் கடல் மட்டத்துக்கு 1,250 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி கரையோரத்தை விடப் பத்தில் ஒரு பங்காவது குறைவு. ஃபேன் தள்ளும் காற்று அந்த அளவுக்கு மெல்லியது. ஆனாலும் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. கொழும்பில் ஒருவர் சொல்லும் எண்ணையும் இங்கே நான் எடுக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை.

அதற்குப் பிறகு அளக்கும் முறையையே மாற்றினேன். மேசையில் ஒரு தெர்மாமீட்டர். பழைய மதிப்பு, புது மதிப்பு, மறுபடி பழைய மதிப்பு, மூன்றும் ஒரே நாளில், அறைச் சூடு மாறுவதற்குள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கார்ட் இன்னும் சூடேறியிருக்காது, ஃபைல்களும் அப்போதுதான் லோடாகும். அதற்கடுத்த மூன்றின் சராசரிதான் கணக்கு. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் வித்தியாசம் இல்லை என்றே எழுதிக்கொள்வேன். மழைக்காலத்தில் இதற்கும் பொறுமை வேண்டும். காசல்ரீ, மவுசாகலை என்று மின்சாரத்துக்குத் தண்ணீர் தேக்கும் ஊர்கள் பக்கத்திலேயே இருந்தாலும், மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போகத்தான் செய்யும். யூபிஎஸ் வாங்கும்வரை எத்தனையோ ஓட்டங்கள் பாதியில் போயின.

இரண்டாவது, கார்டின் வேகத்தை எந்நேரமும் உச்சத்தில் பிடித்துவைக்கும் பவர்மைசர் மதிப்புகள். பெஞ்ச்மார்க்கில் ஒன்றும் கூடவில்லை, கூடவும் முடியாது. பெஞ்ச்மார்க் ஓடும்போது கார்ட் எப்படியும் உச்சத்தில்தானே இருக்கிறது? சும்மா இருக்கும்போது 34 டிகிரியில் கிடந்த கார்ட் 46க்கு ஏறியதுதான் மிச்சம். மாதம் 90 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறுகிற வீட்டில் இது வேண்டாத செலவு.

இதில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இந்த மதிப்புகள் டிஸ்ப்ளே கிளாஸ் கீக்குள் 0000 என்ற ஃபோல்டரில் இருந்தன. பழைய டிரைவரைத் துடைத்துப் புதிதைப் போட்டபோது கார்ட் 0001க்குப் போய்விட்டது. 0000இல் நான் எழுதியது அப்படியே இருந்தது, ஆனால் அதைப் படிக்க யாருமில்லை. செட்டிங் வேலை செய்வதாகவே நினைத்து இரண்டு மாதம் எடுத்த குறிப்புகளைக் கிழிக்க வேண்டியதாயிற்று. இப்போது டிரைவர் மாற்றினால் முதலில் திறந்து பார்ப்பது அந்த ஃபோல்டர் எண்ணைத்தான்.

மூன்றாவது, திரையில் படங்களை அடுக்குகளாகச் சேர்க்கும் ஒரு முறையை நிறுத்தும் ஓவர்லே டெஸ்ட் மோட். மதிப்பை 5 ஆக்கியதில் எஃப்பிஎஸ் மாறவில்லை. ஆனால் 75 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறேன். வீடியோ ஓடும்போது வந்த மினுக்கல் அன்றோடு நின்றது. அது போதும்.

எனக்கு உண்மையாக உதவியது நான்காவது, டிடிஆர் டிலே என்ற காத்திருப்பு மதிப்பு. கார்ட் 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் டிரைவர் தொங்கிவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொண்டு அதை ரீசெட் செய்துவிடும். இரவு நேரத்தில் எடுத்த தேர் வீடியோவுக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால், சில இடங்களில் கணக்கு அந்த 2 விநாடியைத் தாண்டும். திரை கறுக்கும், திரும்ப வரும், வீடியோவை உருவாக்கிக்கொண்டிருந்த ரெண்டர் போயிருக்கும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 4101 என்று பதிவாகியிருக்கும். தேரில் அம்மன் முகத்துக்கு நேரே தீபம் எழும் இடத்தில் மட்டும் மூன்று முறை நின்றது. அந்தக் காத்திருப்பை 10 விநாடி ஆக்கினேன். அன்றிரவு முழு வீடியோவும் ஒரே மூச்சில் முடிந்தது. எந்த பெஞ்ச்மார்க்கிலும் இந்த மாற்றம் தெரியாது.

போன மாதம் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கையில் அதே ரெஜ் ஃபைல்.

“அண்ணே, இதப் போட்டா கேம் ஸ்பீடாகும்னு சொல்றாங்க, போட்டுத் தாறீங்களா?”

“இரு தம்பி, மொதல்ல தெறந்து பாப்போம்.”

தனிக் கார்ட் இல்லை, புராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸ். 8 ஜிபி ரேம் ஒரே ஒரு துண்டு. என்னிடம் சும்மா கிடந்த இன்னொரு 8 ஜிபியைப் பக்கத்தில் சொருகினேன். அந்த வகை கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்தும். இரண்டு துண்டு இருந்தால் இரண்டு வழியாக டேட்டா வரும். ஹெவனில் 19ஆக இருந்தது 26 ஆனது. அறைச் சூடு இரண்டு முறையும் 21.

என் கம்ப்யூட்டரில் இன்று மிச்சமிருப்பது டிடிஆர் டிலே 10, ஓவர்லே 5, இரண்டு மட்டும். ஷெட்யூலிங்கை விண்டோஸ் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன், பவர்மைசரை அழித்துவிட்டேன்.