பேஸ் கிட்டார் இரைச்சலைப் போக்கித் தருவதாகச் சொல்லி அரை மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டார்கள்

நேற்று ராத்திரிதான் கிட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, நீங்கள் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. கிட்டார், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் பழுதுபார்க்கும் ஒரு கடை, அவ்வளவுதான்.

என்னுடையது ஜாஸ் பேஸ் வகை. இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), ஆளுக்கொரு வால்யூம் குமிழ், பொதுவாக ஒரு டோன். நான் பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் கீழ் முனையைத் தாங்கும் உலோகப் பகுதி, அதன் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்து வைத்து வாசிப்பவன். அப்படி வைத்தால் அடியில் ஒரு ரீங்காரம், அதன்மேல் கரகரவென்று ஒரு இரைச்சல். வீட்டில் பொறுத்துக்கொண்டேன். ஒலிப்பதிவுக்குப் போன இடத்தில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே அந்தச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. மானம் போனது.

கடைக்காரர் கிட்டாரை வாங்கி ஆம்பில் சொருகினார். கம்பிகளிலிருந்து என் கையை எடுக்கச் சொன்னார், இரைச்சல் ஏறியது. தொடச் சொன்னார், இறங்கியது. “பாத்தீங்களா தம்பி, தொட்டா குறையுதுன்னா எர்த் சரியா இருக்கு. உங்க உடம்புதான் ஆன்டெனா மாதிரி இழுத்துக் கொடுக்குது. உள்ளே ஷீல்டிங், அதான் வெளி இரைச்சலைத் தடுக்கற உலோகத் தகடு, இல்ல” என்றார். அப்புறம் அவரே, “ஷீல்டிங் போட்டா கரகரப்பு போகும், ஆனா ரீங்காரம் முழுசா போகாது. அது காந்தப்புலத்துல வர்றது, செப்புத் தகடு அதைத் தடுக்காது. அதுக்கு பிக்கப்பையே மாத்தணும்” என்று சொன்னார்.

நான் விழுந்தது இங்கேதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இப்போது படித்துப் பார்த்தும் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இவ்வளவு நேர்மையாக 'இது போகாது' என்று சொல்கிற ஆள் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். உள்ளே முழுக்க காப்பர் டேப், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுருள் வைத்த இரைச்சலில்லாத பிக்கப் ஒரு ஜோடி, புது குமிழ்கள், கேபிள் சொருகும் ஜாக்கும் புதுசு. மொத்தம் என் அரை மாதச் சம்பளம். முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும், பிக்கப் வரவழைக்கணும் என்றார். கொடுத்தேன். ரசீது கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துப் போனேன். அவரே சொருகி, எல்லாக் குமிழையும் முழுசாகத் திறந்து, என் கையில் கொடுத்தார். துளி சத்தம் இல்லை. பூரித்துப் போனேன். பழைய பிக்கப்பைக் கொடுங்கள் அண்ணா என்று கேட்டதற்கு, “குப்பைல போட்டாச்சு தம்பி, அதுல என்ன இருக்கு” என்றார். சரி என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். என்னை என்ன சொல்ல!

வீட்டுக்கு வந்து வழக்கம்போல பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்தேன். அதே ரீங்காரம். கம்பியைத் தொட்டால் முன்பு குறையும், இப்போது அதுவும் இல்லை. போதாததற்கு ஜாக்கை லேசாக அசைத்தால் சத்தமே செத்துவிடுகிறது.

அப்புறம் தொடங்கியது போன் படலம். முதல் தடவை, “உங்க வீட்டு வயரிங் கோளாறு.” நண்பன் வீட்டில் போட்டேன், அங்கும் அதே. இரண்டாவது தடவை, “கேபிளை மாத்துங்க.” புதுக் கேபிள் வாங்கினேன், அது தனிச் செலவு. மூன்றாவது தடவை, “டிம்மர் விளக்கு இருக்கா, கம்ப்யூட்டர் பக்கத்துல உட்கார்றீங்களா?” எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் வாசித்தேன். நான்காவது தடவைதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: “ஆம்ப் பிளக்ல இருக்கற எர்த் பின்னை உடைச்சிடுங்க, ரீங்காரம் போயிடும்.” எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்பின் உடலோடு சேர்ந்திருக்கிறது. ஆம்புக்குள் ஒரு கசிவு வந்தால் அது எர்த்துக்குப் போகாமல் நம் கைக்கு வரும். பாடிக்கொண்டே வாசிப்பவர் மைக்கில் உதடு வைத்தால் சொல்லவே வேண்டாம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாவது தடவை, தம்பி 'சார்' ஆகிவிட்டேன். “சிங்கிள் காயில்னா அப்படித்தான் சார் இருக்கும்.” அப்படியா? நீங்கள் மாட்டியது இரட்டைச் சுருள் ஆயிற்றே என்றேன். ஒரு நொடி மௌனம். வாடிக்கையாளர் வந்திருக்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

திருப்புளியை எடுத்தேன். பிக்கப்பைக் கழற்றிப் பார்த்தால், ஓரத்தில் என் பழைய கீறல் அப்படியே இருக்கிறது. குப்பைக்குப் போன அதே பிக்கப்! காப்பர் டேப் என்றாரே, உள்ளே இருந்தது சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாள், சாதாரணப் பசையில் ஒட்டியது. மல்டிமீட்டர் வைத்தால் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் தொடர்பே இல்லை, எர்த்தோடும் இல்லை. தனியே தொங்கும் தாள் எதைத் தடுக்கும்? ஜாக்கை அசைக்கும்போது அதில் ஒரு முனை ஜாக்கின் சிக்னல் காதுக்கும் (வயர் பற்றவைக்கும் முனை) எர்த் காதுக்கும் நடுவே பாலம் போட்டது, சத்தம் செத்தது அதனால்தான். பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயர் அறுந்து கிடந்தது. குமிழ்களும் பழையவைதான், தூசிகூடத் துடைக்கவில்லை.

அப்படியென்றால் கடையில் எப்படி அமைதியாக இருந்தது? இந்த வகை கிட்டார் பெரும்பாலானவற்றில் இரண்டு பிக்கப்புகளையும் எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் மாற்றி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் ஒன்றின் ரீங்காரத்தை மற்றது அடித்துவிடும். முதல் நாளே, எதையும் தொடாமலே, குமிழ்களை முழுசாகத் திறந்திருந்தால் கிட்டத்தட்ட அந்த அமைதி கிடைத்திருக்கும். அதை எனக்கே விற்றிருக்கிறார், அரை மாதச் சம்பளத்துக்கு.

படங்களை அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இன்று காலையிலிருந்து அழைப்பும் போகவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. கொடுக்கும் முன் பிரித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். திரும்ப வாங்கும்போது குமிழ்களை நீங்களே திருப்புங்கள், ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள், கம்பியைத் தொட்டும் விட்டும் பாருங்கள். உள்ளே ஒட்டிய தகட்டிலும் ஜாக்கின் எர்த் காதிலும் மல்டிமீட்டரை வைத்தால் பீப் வர வேண்டும்.

முதலில் அந்த அறுந்த பிரிட்ஜ் வயரை நானே பற்றவைக்கப் போகிறேன். மற்றதற்குப் பணம் சேர்ந்தால் பார்க்கலாம். அரை மாதச் சம்பளம் சார், அரை மாதம்.